‘நார்மல்’ என்று வந்த இரண்டு ரிப்போர்ட்டுகள்

மஞ்சக்குப்பம் மைதானத்தில் கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். சர்க்கரை வந்து பல வருடம் ஆனவர். புதுச்சேரியில் காட்டினோம். கிட்னியைப் பார்க்க ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு, சிறுநீரில் ஆல்புமின் (கிட்னி பழுதானால் கசியும் புரதம்)–கிரியாட்டினின் விகிதம், காலின் ரத்த ஓட்டத்துக்கு ஏபிஐ (கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த எண்) என்று எழுதித் தந்தார் டாக்டர்.

ரத்தச் சோதனையில் பிரச்சினை இல்லை. சிறுநீர்தான் சோதித்தது. கடலூரில் ஒரு லேபில் கொடுத்து, ரிப்போர்ட்டோடு போனால், எடுத்திருந்தது சாதாரண யூரின் டெஸ்ட். ‘ஆல்புமின்: இல்லை’ என்று இருந்தது. குச்சியை நனைத்துப் பார்க்கிற அந்த டெஸ்டில் ஆரம்பக்கட்டக் கசிவு பெரும்பாலும் தெரியாது. கால்வலிக்காரரைக் கூட்ட பஸ்ஸில் நிற்க வைத்து அழைத்துப் போனது வீண். லேபில் கேட்டதற்கு, “ரெண்டுலயும் ஆல்புமின்தான் சார் பாக்குறோம், எல்லாம் ஒண்ணுதான்” என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேறு லேபில் சரியான டெஸ்ட் எடுத்தோம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 112 மில்லிகிராம் ஆல்புமின் என்று வந்தது. 30-க்குக் கீழே இருக்க வேண்டியது. 300-ஐத் தாண்டினால் கசிவு மிக அதிகம் என்று பொருள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போது கொடுக்காதீர்கள், எண் பொய்யாக ஏறிவிடும். காலையில் முதலில் போகிற சிறுநீர் நல்லது. ஒருமுறை கூடினால் போதாது, சில மாதம் விட்டு மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

ஏபிஐ கதை இதைவிட மோசம். எண் 1.44, பக்கத்தில் ‘நார்மல்’. 0.9-க்குக் கீழே போனால்தான் அடைப்பு என்று எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் கணுக்கால் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் அமுங்காது, அழுத்தம் அதிகமாகக் காட்டும். 1.4-ஐத் தாண்டினால் அந்த எண்ணை நம்பக் கூடாது. டாக்டர் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்த்து, அதைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடச் சொன்னார். அதற்கான சின்னப் பட்டை எல்லா இடத்திலும் இல்லை, போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது: 0.52. 0.7-க்குக் கீழே என்றால் ரத்த ஓட்டம் குறைவு. வலிக்குக் காரணம் தெரிந்ததே பெரிய நிம்மதி.

இன்னொன்று. கால்வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை விழுங்குபவர்கள் நம் ஊரில் ஏராளம். சிறுநீரில் ஆல்புமின் போகிறவருக்கு அவற்றில் பல கிட்னியை மேலும் கெடுக்கக்கூடும். அப்பாவுக்கு முதலில் நிறுத்தியது அதைத்தான். ரத்தக்குழாயில் டை (சாயம்) செலுத்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும், அதுவும் கிட்னியைப் பாதிக்கலாம் என்பதால், கிரியாட்டினின் ரிப்போர்ட்டை முதலில் காட்டுங்கள்.

இப்போது கொழுப்புக்கு மாத்திரை, கிட்னியையும் காக்கிற பிரஷர் மாத்திரை. வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலில் காயம் படக் கூடாது என்று, தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனாலும் செருப்பு கழற்றுவதில்லை. லேபில் பணம் கட்டுமுன் பில்லில் ‘விகிதம்’ என்று இருக்கிறதா என்று அப்பாவே படித்துப் பார்க்கிறார்.