ஓட்டுக்கு விட்டிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார்

கோவை கணபதியில் எங்கள் லேத் பட்டறைக்கு நான்கு கடை தள்ளி ஒரு பேக்கரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் ஆடிவிட்டு வருகிற நாங்கள் ஐந்தாறு பேர் தேங்காய் பன்னும் டீயுமாக அங்கே உட்கார்ந்தால், பத்து மணிக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. பயிற்சியாளர் ஓவன் கோய்ல் இரண்டாம் முறையாகச் சென்னையின் எஃப்.சி. என்ற நம் கால்பந்து அணியிடமிருந்து விடைபெற்ற பிறகு, 2025-ஆம் ஆண்டின் அந்த ஞாயிறுகளில் எங்கள் மேசையில் வேறு பேச்சே எழவில்லை. அடுத்த தலைமைப் பயிற்சியாளராக யாரைக் கொண்டுவர வேண்டும் என்பதே எல்லோருக்கும் கவலை. இத்தனைக்கும் அந்த அணி ஆடும் ஐ.எஸ்.எல். என்ற தேசிய லீக் போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடியவிருந்ததால், புதிய பருவம் எப்போது தொடங்கும் என்பதே தெரியாமல் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த நேரம் அது. முகூர்த்தம் குறிக்காத கல்யாணத்துக்குச் சமையல்காரர் யார் என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

பேக்கரிக்காரருக்குக் கால்பந்தில் நாட்டமில்லை. "கோய்ல்", "கோய்ல்" என்று நாங்கள் குரல் உயர்த்தியது அவர் காதில் வேறு விதமாக விழுந்திருக்கிறது. "ஏனுங்க, எந்தக் கோயல்லீங்க பிரச்சன? கமிட்டீலயா?" என்று கல்லாவிலிருந்தே கேட்டார். சிரித்து முடித்த பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் கேட்டதில் பெரிய பிழையில்லை. யாரைத் தலைவராக்குவது என்று ஊரே இரண்டுபட்டு நிற்க, உண்டியலில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் கேட்காத கமிட்டிக் கூட்டம் மாதிரிதான் எங்கள் விவாதமும் நடந்துகொண்டிருந்தது.

எங்களில் இளையவன் பொறியியல் கல்லூரி மாணவன். அவனுக்குப் பெரிய வெளிநாட்டுப் பெயர் வேண்டும். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடிய மார்கோ மாட்டரேஸி பயிற்சியாளராக வந்து 2015-இல் நமக்குக் கோப்பை வாங்கித் தரவில்லையா என்பது அவன் வாதம். தான் மனத்தில் வைத்திருந்த பயிற்சியாளர் அணியை எப்படி நிறுத்துவார் என்று காட்டுவதற்காக, என் சட்டைப் பையில் கிடந்த எம்-10 நட்டுகளை வாங்கி, டீ கிளாஸ்களை ஓரம் ஒதுக்கிவிட்டு, மேசையின்மேல் நான்கு, மூன்று, மூன்று என்று வரிசையாக அடுக்கினான். கோல்கீப்பருக்கு நட்டு போதாமல் ஒரு வாஷரை வைத்தான். இந்த நட்டு இங்கிருந்து மேலேறும், அந்த இடைவெளியை அந்த நட்டு வந்து அடைக்கும் என்று அவன் விரலால் நகர்த்திக் காட்டியபோது, உள்ளபடியே பார்க்க அழகாகத்தான் இருந்தது.

உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் வாத்தியார் அதுவரை பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசித் துண்டை விழுங்கிவிட்டு, முன்வரிசையின் நடுவில் நின்ற நட்டின்மேல் விரலை வைத்து, "இது யாருங்க தம்பி?" என்றார்.

அவனுக்குப் பதில் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. லீகே தொங்கலில் கிடந்த அந்த நாளில், யார் இருப்பார், யார் போவார், புதிதாக எந்த வெளிநாட்டு வீரர் வருவார் என்பதை எவராலும் சொல்லியிருக்க முடியாது. வாத்தியார் ஒவ்வொரு நட்டாகத் தொட்டுக்கொண்டே போனார். ஐந்து நட்டுகளுக்குப் பெயர் சொல்ல முடிந்தது. அதிலும் இரண்டில் எங்களுக்குள்ளேயே தகராறு.

அன்று அவர் விரல் வைத்த இடத்தில்தான் இந்த விஷயம் முழுவதும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பயிற்சியாளர் என்றாலே கோப்பையைக் கையோடு கொண்டுவருகிறவர் என்று எண்ணிக்கொள்கிறோம். சென்னையின் எஃப்.சி.யின் சொந்தக் கணக்கைப் புரட்டினாலே அந்த எண்ணம் நிற்காது. ஜான் கிரெகரி 2017-18 பருவத்தில் வந்து, பெங்களூருவின் சொந்த மைதானத்திலேயே பெங்களூரு அணியை 3-2 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தார். அடுத்த பருவத்திலும் அவரே பயிற்சியாளர். பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளிகள், பத்து அணிகளில் பத்தாம் இடம். ஒரே ஆண்டில் ஒரு மனிதருக்குக் கால்பந்து மறந்தா போய்விடும்? அதே போல, இன்று எல்லோரும் மெச்சுகிற மாட்டரேஸியின் 2015 அணி, பருவத்தின் பாதி கடந்தும் பட்டியலின் அடிமட்டத்தில்தான் கிடந்தது. அந்த நவம்பரில் ரசிகர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால், டிசம்பரில் கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு அவர் வந்திருக்கவே மாட்டார். அங்கும் 3-2தான். முன்வரிசை வீரர் மெண்டோஸா அந்தப் பருவத்தில் பதின்மூன்று கோல் போட்டதை மாணவனுக்கு நினைவூட்டியபோது, அவன் நட்டுகளைச் சற்றே கலைத்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

வீரர்கள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்ற வாத்தியார் கட்சிக்கு எதிரான சான்றும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. 2019-இல் கிரெகரி விலகியபோது அணி ஆறு ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றிருந்தது. டிசம்பரில் கோய்ல் வந்தார். ஏறக்குறைய அதே வீரர்களை வைத்துக்கொண்டே நான்காம் இடத்துக்கு ஏறி, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 6-5 என்று தாண்டி, இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். நோய்த்தொற்று அச்சத்தால் பார்வையாளர்கள் இல்லாமல் நடந்த அந்த இறுதியில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றாலும், ஒரு பயிற்சியாளரின் கை பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாத்தியார் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: அந்தப் பருவத்தில் முன்வரிசை வீரர் வால்ஸ்கிஸ் பதினைந்து கோல் போட்டார் என்றார். உண்மைதான். கோய்ல் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனபோது வால்ஸ்கிஸும் அங்கேதான் போனார். 2022-இல் கோய்லின் ஜாம்ஷெட்பூர் லீக் சுற்றில் முதலிடத்துக்கான கேடயத்தை வென்றபோது, கையிலிருந்ததை நழுவவிட்டோமே என்று நாங்கள் புலம்பியது இன்னும் நினைவிருக்கிறது. 2023-இல் அவரே திரும்பி வந்தார். ரசிகர் கேட்டபடியே நடந்த நியமனம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். முதல் ஆண்டில் ஆறாமிடத்தோடு, கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃப். இரண்டாம் ஆண்டில் பதினொன்றாம் இடம்.

எங்கள் பட்டறையில் ஒரு வேலையின் செட்டிங்கை மாற்றினால் முதல் சில பீஸ்கள் ஸ்கிராப் பெட்டிக்குத்தான் போகும். அதற்காக ஆபரேட்டரை அன்று மாலையே அனுப்பிவிடுகிற முதலாளி கோயம்புத்தூரில் தொழில் நடத்த முடியாது. கால்பந்தில் மட்டும் முதல் ஐந்து ஆட்டத்திலேயே அளவு சுத்தமாக வரவேண்டும் என்று நாம் கேட்கிறோம். இதைச் சொன்னால், "பீஸுக்கு டேபிள் பாயிண்ட் கெடையாதுங்கண்ணா" என்கிறான் மாணவன். அதுவும் சரிதான்.

எனக்கு இந்த விவாதம் தொடங்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறவர் சென்னையின் எஃப்.சி.யைச் சேர்ந்தவர் அல்லர். சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயரில் சென்னையை வைத்துக்கொண்டு நம் கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடிய அணி ஒன்று இருந்ததை வெளியூர்க்காரர்கள் மறந்திருக்கலாம். ஐ.எஸ்.எல்.லுக்கு இணையாக நடந்த ஐ-லீக் என்ற இன்னொரு தேசியப் போட்டியில், 2017-18-இல் பத்து அணிகளில் எட்டாவதாக முடித்த அணி. அடுத்த பருவத்துக்கு அக்பர் நவாஸ் என்ற சிங்கப்பூர்க்காரரைப் பயிற்சியாளராக அழைத்துவந்தார்கள். செய்தி வந்த நாளில் நான் உட்பட ஒருவருமே அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை; சிங்கப்பூரிலிருந்து பயிற்சியாளரா என்று உதட்டைப் பிதுக்கியவர்களில் நானும் ஒருவன். ஓட்டுக்கு விட்டிருந்தால் அவருக்கு ஒரு ஓட்டுகூட விழுந்திருக்காது.

அவரோடு வந்தவர்களும் பெரிய பெயர்கள் அல்லர். பெத்ரோ மான்ஸி, நெஸ்டர், சாண்ட்ரோ என்று ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிவந்தவர்கள். அவர்களுக்கு அருகில் எட்வின், ரொமாரியோ என்று நம் தமிழ்நாட்டுப் பையன்கள். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டத்தையே ஐ-லீகில் பார்த்துப் பழகியிருந்த எங்களுக்கு, பின்வரிசையிலிருந்தே தரையோடு தரையாகப் பந்தைக் கடத்திக்கொண்டு வருகிற அந்த ஆட்டம் புதிதாக இருந்தது. முதலில் சிலர் பொறுமை இழந்து "அடிங்கடா" என்று கத்தினார்கள். சில மாதங்களில் அதே ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பாஸ் தொடர்ந்தால் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

2019 மார்ச் 9-ஆம் தேதி கடைசி ஆட்டம். எதிரே நடப்பு சாம்பியனான மினர்வா பஞ்சாப். வென்றால் கோப்பை நமது. தவறினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் நம்மைத் தாண்டிவிடலாம். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே மினர்வா கோல் போட்டுவிட்டது. என் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு கண்ணை மைதானத்திலும் மற்றதைக் கைப்பேசியில் ஓடிய கோழிக்கோட்டு ஆட்டத்திலும் வைத்திருந்தார். இடைவேளை வரை நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன்செய்தார். அந்தப் பருவத்தில் அது அவருடைய இருபத்தொன்றாவது கோல். பிறகு கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், யாரும் எதிர்பாராத ஆள், இரண்டு கோல் போட்டார். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே 2-1 என்று வென்றிருந்தது. நமக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42. ஒரே ஒரு டிரா ஆகியிருந்தாலும் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்மூருக்குங்க, நம்மூருக்கு" என்று இரண்டு முறை சொன்னார்.

இதைச் சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டைச் சொல்லாமல் விட்டால் வாத்தியார் என்னை விடமாட்டார். 2020 ஜனவரியில் மான்ஸி ஜப்பானுக்குப் போனார். பயிற்சியாளர் அதே அக்பர் நவாஸ்தான். ஆனால் பழைய வேகம் வரவில்லை. அதற்குப் பிறகு அணியே கோவையிலிருந்து மறைந்துபோன கதை வேறு. அதை எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இந்தியரா வெளிநாட்டவரா என்ற பேச்சும் வந்தது. வார்ப்படத்துக்கான மாதிரிகளைச் செய்யும் எங்கள் அண்ணா ஒருவர், 2022-இல் சென்னையின் எஃப்.சி.யில் இடைக்காலப் பயிற்சியாளர் பொறுப்பேற்ற சையது சபீர் பாஷாவுக்கே நிரந்தரமாகக் கொடுத்திருக்க வேண்டும், நம் ஆளை நாமே நம்பாவிட்டால் யார் நம்புவார் என்று கோபப்பட்டார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீலை இந்திய அணிக்கே பயிற்சியாளராக்கியது அவருக்குப் புதுத் தெம்பு. ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்டெஃபான் தார்கோவிச் என்ற இரண்டு வெளிநாட்டவர்களையும் தாண்டி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை ஒவ்வொரு ஞாயிறும் ஒருமுறை சொல்வார். ஐஸால் அணியை 2016-17-இல் ஐ-லீக் சாம்பியனாக்கியவர் அவர் என்று நானும் சேர்ந்துகொண்டேன். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் ரஹீம் சாகிப் பள்ளிக்கூட ஆசிரியர்தான் என்று வாத்தியார் போட்டார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்துவிடும். வாளையாறு பக்கத்திலிருந்து வருகிற கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ரசிகர் மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. பயிற்சியாளர் இவான் வுகோமானோவிச்சை மூன்று ஆண்டு தலையில் வைத்துக் கொண்டாடி, மூன்று முறையும் பிளே-ஆஃப் வரை போய், ஒரு கோப்பையும் இல்லாமல் அனுப்பிவைத்தவர்களுக்கு யோசனை சொல்லும் தெம்பு எங்கிருந்து வரும் என்றார்.

என் ஓட்டு யாருக்கு என்று அன்று கேட்டார்கள். பெயர் எதுவும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வருகிறவர் கையில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்குமா, முதல் ஆறு ஆட்டம் தோற்றாலும் ஏழாவது ஆட்டத்தில் அவர்தான் பக்கக் கோட்டில் நிற்பாரா, இந்த இரண்டையும் சொல்லுங்கள், பெயரை அப்புறம் பார்க்கலாம் என்றேன். மாணவன் "இவரு எப்பவும் இப்படித்தான் நழுவுவாருங்க" என்று சொல்லிக்கொண்டே நட்டுகளைப் பொறுக்கி என்னிடம் கொடுத்தான். வாஷர் மட்டும் கிடைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அறிவிப்பு வந்தது. கிளிஃபோர்ட் மிராண்டா. கோவாக்காரர், இந்திய அணிக்கு ஆடியவர், 2023-இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கித் தந்தவர். இத்தனை ஞாயிறுகளில் எங்கள் மேசையில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. மாணவன் உடனே வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு குரல்பதிவு போட்டான். அண்ணா மூன்று கைதட்டல் படம் போட்டார். வெகுநேரம் கழித்து வாத்தியாரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "நல்லதுங்க. முன்னால நிக்கறது யாருங்க?"