ராமானுஜன் தங்கிப் படித்த இடம்: டிரினிட்டி கல்லூரிக்குள் ஒரு நடை

கேம்பிரிட்ஜில் ரயிலை விட்டு இறங்கி "யுனிவர்சிட்டி எந்தப் பக்கம்?" என்று கேட்டால் பதில் சொல்பவர் கொஞ்சம் யோசிப்பார், ஏனென்றால் மதில் எழுப்பி வாசல் வைத்த ஒரே வளாகம் என்று அங்கே எதுவும் இல்லை. ஊர் முழுக்கப் பரவியிருக்கும் 31 கல்லூரிகளும் நடுநடுவே இருக்கும் துறைக் கட்டடங்களும் சேர்ந்ததுதான் பல்கலைக்கழகம். விரிவுரை, தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. தங்க அறை, சாப்பாடு, நூலகம், தேவாலயம், அப்புறம் ஒன்றிரண்டு மாணவர்களை மட்டும் எதிரே உட்காரவைத்து ஆசிரியர் பாடத்தை அலசும் வகுப்பு, இவையெல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்வது. மாணவர் தூங்குவதும் சாப்பிடுவதும் படிப்பதும் அதே சுவர்களுக்குள்.

நான் பார்க்க ஆசைப்பட்டது டிரினிட்டி கல்லூரியை. காரணம் ராமானுஜன்.

1546-இல் எட்டாம் ஹென்றி நிறுவிய கல்லூரி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், ஆனால் அவர் வெறும் மண்ணில் தொடங்கவில்லை. மைக்கேல் ஹவுஸ், கிங்ஸ் ஹால் என்று அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இயங்கிக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிகளை ஒன்றாக்கித்தான் டிரினிட்டியை உருவாக்கினார். அந்தப் பழைய வாழ்க்கை பெருவாசலிலேயே தெரிகிறது. வெளிப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் கிங்ஸ் ஹாலோடு தொடர்புடைய மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகன்களுடைய சின்னங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும், அதில் ஒரு கேடயத்தில் மட்டும் எதுவும் இருக்காது. அது குழந்தையாகவே இறந்துபோன மகனுக்கு உரியது. அதற்கு மேலே ஹென்றியின் சிலை. கையில் செங்கோல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மர நாற்காலியின் கால்! எப்போதோ மாணவர்கள் மாற்றி வைத்தது அப்படியே நிலைத்துவிட்டது. கீழே பார்த்தால் வலது பக்கப் புல்வெளியில் ஒரு சின்ன ஆப்பிள் மரம். நியூட்டன் பிறந்த ஊல்ஸ்தோர்ப் வீட்டு மரத்தின் வம்சம் என்று அதை வளர்க்கிறார்கள். அவர் குடியிருந்த அறைகள் அந்தச் சுவருக்குப் பின்னால்தான்.

வாசலைத் தாண்டியதும் பெரிய முற்றம். ஏறக்குறைய இரண்டு ஏக்கர். இன்றைய வடிவத்துக்குக் காரணம் 1593 முதல் 1615 வரை கல்லூரித் தலைவராக இருந்த தாமஸ் நெவில். குறுக்கே நின்ற கட்டடங்களை இடித்தார், 15-ஆம் நூற்றாண்டின் கடிகார கோபுர வாசலைக் கழற்றி தேவாலயத்தை ஒட்டிப் பின்னால் தள்ளிக் கட்டினார். நடுவில் இருக்கும் நீரூற்றுக்குத் தண்ணீர் வந்த குழாய் அதைவிடவும் பழையது, 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் தங்கள் மடத்துக்காக ஊருக்கு மேற்கிலிருந்து பதித்துக் கொண்டுவந்தது. முற்றத்தைச் சுற்றி அறைகள் நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாக இல்லாமல் படிக்கட்டுப் படிக்கட்டாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஒரு எழுத்து, அடிவாசலில் அங்கே குடியிருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக எழுதியிருக்கும். நேற்று வந்த மாணவரின் பெயரும் பேராசிரியரின் பெயரும் ஒரே பலகையில் இருக்கலாம். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. புல்லில் கால் வைக்கும் உரிமை மட்டும் ஃபெலோக்களுக்குத்தான், அதாவது கல்லூரியை நடத்தும் அறிஞர் குழுவின் உறுப்பினர்களுக்கு.

கோபுரக் கடிகாரம் ஒவ்வொரு மணியையும் இரண்டு முறை அடிக்கும், முதலில் தாழ்ந்த சுரத்தில், பிறகு உயர்ந்த சுரத்தில். பகல் 12-க்கு அங்கே இருந்தால் 24 அடி கேட்கலாம். அந்த 24 அடி முடிவதற்குள் முற்றத்தை ஒரு சுற்று ஓடி முடிப்பது மாணவர்களின் பழைய பந்தயம்.

தேவாலயத்தை மேரி அரசி தொடங்க எலிசபெத் அரசி காலத்தில் முடித்தார்கள். முன்மண்டபத்தில் கையில் பட்டகத்தோடு நிற்கிறார் நியூட்டன், ரூபிலியாக் 1755-இல் செதுக்கிய பளிங்குச் சிலை. முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி எதையோ யோசிக்கிற அந்த நிலையை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். சாப்பாட்டுக்கூடம் பெருவாசலுக்கு எதிர்ப்பக்கம், 1605-ஆம் ஆண்டுக் கட்டடம், உயர்ந்த மரக்கூரை, கோடியில் ஃபெலோக்களுக்கான மேசை.

ராமானுஜன் இந்தக் கூடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் இல்லை. சைவத்தில் கண்டிப்பானவர், தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். 1914 ஏப்ரலில் வந்தவர், சில வாரங்களுக்குப் பிறகு ஹியூவெல் முற்றத்தில் குடியேறினார். அது பெருவாசலுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டி இருக்கிறது. குளிரில் அவரைப் பார்க்கப் போன மகலனோபிஸ் (அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியலாளராகப் பெயர்பெற்ற இந்தியர்), படுக்கை விரிப்புக்கு மேலேயே கோட்டும் சால்வையும் போர்த்திப் படுத்திருந்த ராமானுஜனுக்குக் கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று செய்து காட்டியிருக்கிறார். இத்தனை வசதி பார்த்துப் பார்த்துச் செய்த கல்லூரியில் அதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. வந்த சில மாதங்களிலேயே முதல் உலகப் போர் மூண்டது, நெவில் முற்றத்துத் தாழ்வாரங்களில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். 1918 அக்டோபரில் டிரினிட்டியின் ஃபெலோ ஆனார், அந்த இடத்தைப் பெற்ற முதல் இந்தியர். அடுத்த ஆண்டே ஊர் திரும்பினார், 1920 ஏப்ரலில் மறைந்தார்.

ஹியூவெல் முற்றத்திலிருந்து ராமானுஜன் பின்னர் மாறிப்போன இடம் பிஷப்ஸ் ஹாஸ்டல், பெரிய முற்றத்தை அடுத்துள்ள செங்கல் கட்டடம். ஜான் ஹாக்கெட் என்ற பிஷப்பின் நன்கொடையில் 1670-களின் தொடக்கத்தில் எழுந்தது. அவர் வைத்த ஏற்பாடு அருமை: அறைகளுக்கு வரும் வாடகையில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கவேண்டும்.

அந்த நூலகம் ரென் நூலகம். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1695-இல் முடிந்தது. நெவில் முற்றத்திலிருந்து பார்த்தால் கீழே திறந்த வளைவுகள், மேலே நூலகம். மேல்தளத்தை வளைவுகளின் உச்சிக்கு மேல் வைக்காமல் வளைவு தொடங்கும் மட்டத்திலேயே இறக்கி வைத்திருக்கிறார் ரென். அதனால் உள்ளே சுவர் உயரம் கூடி, அலமாரிகளுக்கு மேலே பெரிய ஜன்னல்கள் கிடைத்தன, வெளிச்சம் கொட்டுகிறது. அலமாரி முனைகளில் கிரின்லிங் கிப்பன்ஸ் செதுக்கிய பூவும் பழமும். ஒரு இலையின் நரம்பைக்கூட விட்டுவைக்காத மரவேலை. இயக்க விதிகளையும் ஈர்ப்பையும் விளக்கி நியூட்டன் எழுதிய 'பிரின்சிபியா' நூலில், அவரே திருத்தங்கள் எழுதிவைத்த அவருடைய சொந்தப் பிரதி இந்த நூலகத்துச் சொத்து.

இங்கேதான் 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், காலமான வாட்சன் என்ற பேராசிரியரின் காகிதங்கள் இருந்த பெட்டியில் ராமானுஜனின் கையெழுத்தைக் கண்டார். சாவதற்கு முந்தைய மாதங்களில், இந்தியாவில் படுக்கையில் கிடந்தபடி எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். சென்னையிலிருந்து, ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டிக்குப் போய், கை மாறி, அவர் குடியிருந்த கல்லூரிக்கே வந்து சேர்ந்திருந்தன. அவரைப் போன்றவர்கள் கொடுத்த அறை வாடகையில் வளர்ந்த நூலகம் அவர் எழுத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது.

இளநிலை மாணவர்கள் எல்லாருக்கும் படிப்பு முடியும்வரை கல்லூரியே இடம் தருகிறது. பெண்களை இளநிலைப் படிப்பில் சேர்த்தது 1978-இல்தான், இது மிகவும் தாமதம். முதல் பெண் தலைவராக சாலி டேவிஸ் வந்தது 2019-இல்.

போக நினைப்பவர்களுக்கு: மே, ஜூன் தேர்வுக் காலத்தில் பல கல்லூரிகள் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை, அதனால் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ரென் நூலகம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நேரம் குறைவு, அதை முதலில் வைத்துக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள். திரும்பும்போது தெருவைக் கடந்து ஹியூவெல் முற்றத்து வாசல் வரையாவது போய்விட்டு வாருங்கள்.