சைலேஜ் செலவை எதால் வகுப்பது?

சைலேஜ் (பசுந்தீவனத்தை நறுக்கி, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனம்) போட எந்த முறை மலிவு என்று பார்க்கும்போது குழி வெட்டும் கூலி, பாலித்தீன் விலை, பேல் (இயந்திரம் இறுக்கிக் கட்டும் தீவனக் கட்டு) கட்டும் வாடகை இவற்றைத்தான் பெரும்பாலும் ஒப்பிடுகிறோம். கெட்டுப்போகும் பங்கு அந்தக் கணக்கில் வருவதே இல்லை. பயிரை வளர்த்து, அறுத்து, நறுக்கிக் கொண்டுவரத்தான் அதிகப் பணம் போகிறது. பூசணம் பிடித்து வெளியே எறிவதிலும் அதே பணம்தான் இருக்கிறது. அதனால் மொத்தச் செலவை, மாடு உண்மையில் தின்னும் உலர்பொருளின் (தீவனத்தில் நீர் போக மீதியின்) எடையால் வகுங்கள்.

ஒரு டன் உலர்பொருளை வளர்த்து அறுத்துக் கொண்டுவர 100 பங்கு செலவு என்று வைத்துக்கொள்வோம். இனி வருபவை கணக்கு புரிவதற்கான எண்கள். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மூடாத குவியலுக்கு மேற்செலவு 8, சேதம் 30 சதவீதம் என்றால், 108-ஐ 0.70-ஆல் வகுக்க 154 வருகிறது. அதே குவியலை நன்றாக அழுத்தி, தாள் போட்டு மூடினால் மேற்செலவு 14, சேதம் 15 சதவீதம்: 134. கான்கிரீட் பங்கருக்கு (பக்கச்சுவர் கட்டிய சைலேஜ் தொட்டிக்கு) 25, சேதம் 12: 142. தாள் சுற்றிய பேலுக்கு 55, சேதம் 8: 168. தாளுக்கான 6 பங்கை மிச்சம் பிடித்தவர் 20 பங்கை இழக்கிறார். பங்கரின் 25 பங்குகூட ஆண்டுதோறும் அது முழுதாக நிரம்பினால்தான். பாதி நிரப்பினால் கட்டுமானச் செலவு டன்னுக்கு இரட்டிப்பாகும்.

அப்படியானால் எல்லோரும் குவியல் போடலாமே? மாட்டு எண்ணிக்கை இடம் கொடுக்க வேண்டும். தீவனம் எடுக்கத் திறந்த முகப்பில் காற்று புகுந்ததும் ஈஸ்ட் பெருகி சைலேஜ் சூடேறும். அதற்கு முந்திக்கொள்ள முகப்பு முழுவதிலும் தினமும் 15 செ.மீ. ஆழமாவது எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் 30 செ.மீ. மாட்டுக்கு 15 கிலோ வீதம் 10 மாட்டுக்கு நாளொன்றுக்கு 150 கிலோ. கன மீட்டருக்கு 600 கிலோ அடர்த்தி என்றால் அது கால் கன மீட்டர். 20 செ.மீ. வீதம் எடுக்க முகப்பு ஒன்றேகால் சதுர மீட்டர்தான் இருக்கலாம். அந்த அகலத்தில் டிராக்டர் ஏறி மிதிக்க இடமே இல்லை. 60 மாட்டுக்கு 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் கிடைக்கிறது. பங்கரோ குவியலோ அங்கே பொருந்தும். சிறு பண்ணைக்குப் பேலும் 50 கிலோ பையும் விலை கூடினாலும் சரியானவை. அன்றன்று தேவையானதை மட்டும் பிரிக்கலாம், வண்டியில் ஏற்றி விற்கவும் முடியும்.

பேலில் பணம் வீணாவது தாளில்தான். 25 மைக்ரான் தாளை 6 சுற்றாவது போட வேண்டும். 4 சுற்றோடு நிறுத்தினால் தடித்த தண்டு குத்திய இடத்தில் காற்று புகுந்துவிடும். கட்டிய அன்றே சுற்றி, அடுக்குமிடத்திலேயே வைப்பது நல்லது. எலியும் காக்கையும் போட்ட ஓட்டையைக் கண்டதும் அதற்கான ஒட்டுநாடாவால் அடையுங்கள்.

குவியலிலும் பங்கரிலும் இழப்பைத் தீர்மானிப்பது அழுத்தம். மணிக்கு வந்து சேரும் டன்னை 400-ஆல் பெருக்கினால், மிதிக்கும் வண்டிகளின் மொத்த எடை எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று தெரியும். 20 டன் வந்தால் 8,000 கிலோ. 3 டன் டிராக்டர் ஒன்று மட்டும் ஓடினால் மணிக்கு 7.5 டன்னுக்கு மேல் தாங்காது. அறுப்பு இயந்திரத்தை வேகமாக ஓட்டி வாடகையைக் குறைத்ததாக நினைப்பது பொய்க்கணக்கு. ஒவ்வொரு அடுக்கும் 15 செ.மீ.க்கு மிகாமல் பரப்ப வேண்டும்.

மக்காச்சோளத்தை உலர்பொருள் 30 முதல் 35 சதவீதம் இருக்கையில் அறுங்கள். நறுக்கியதைக் கைப்பிடியில் இறுக்கிப் பாருங்கள்: சாறு சொட்டினால் ஈரம் அதிகம், சத்து அடியில் வடிந்து போகும். உருண்டை உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, எவ்வளவு மிதித்தாலும் காற்று வெளியேறாது. சரியான பதத்தில் அறுத்த மக்காச்சோளத்துக்கு வெல்லப்பாகு வாங்க வேண்டாம். சர்க்கரை குறைந்த புல்லுக்குத்தான் அது தேவை. அந்தப் பணத்துக்கு, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரிக்கும் நல்ல தாளும், அதன்மேல் ஒன்றையொன்று தொடும்படி அடுக்கப் பழைய டயர்களும் வாங்குங்கள். தாளின் ஓரங்களை மண் போட்டு மூடிவிடுங்கள்.