டம்ளர் கணக்கு

போன மாசி மாதம், மூன்றாவது பீரியடில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்றது. அரை மணி நேரத்தில் அந்த வலி அடிவயிறு வரை இறங்கிவிட்டது. உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. பிள்ளைகள் பயந்துபோய் பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூட்டி வந்தார்கள். ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் கல் தெரிந்தது. ஒரு மிளகளவு. அதற்கா இந்தப் பாடு!

5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும் என்று தஞ்சாவூர் டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க, டீச்சர்?"

"ரெண்டு லிட்டர் இருக்கும்."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மை என்னவென்றால், மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டைப் பக்கம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். இறங்கினால் பள்ளிக்கூடம். அங்குள்ள கழிப்பறையைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை. காலையில் ஒரு காபி குடித்தால் அதோடு சரி. பையில் போகும் ஒரு லிட்டர் பாட்டில் மாலையில் முக்கால்வாசி நிறைந்தபடியே வீடு திரும்பும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லாப் பெண்களுக்கும் இதே பழக்கம்தான். வயலில் நடவுக்கு இறங்குகிற பெண்களைக் கேளுங்கள், ஒதுங்க இடமில்லாததால் அவர்களும் வாயைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள்.

வலி வந்த ஒன்பதாம் நாள் கல் விழுந்தது. வடிகட்டியில் பிடிக்கச் சொல்லியிருந்ததால் பழைய டீ வடிகட்டி ஒன்றை அத்தையிடம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று சொன்னதும், "இனிமே அத அடுப்படிப் பக்கம் கொண்டாராத" என்றார். சோதனையில் அது கால்சியம் ஆக்சலேட் கல் என்று வந்தது. பெரும்பாலானவர்களுக்கு வருவது இந்த வகைதானாம்.

பங்குனியில் அடுத்த கட்டம், 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பு. சோதனைக்கூடத்தில் 5 லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அதனால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். காலை ஆறு மணிக்குப் போகும் முதல் சிறுநீரைக் கீழே விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு வருவது ஒரு சொட்டு விடாமல் கேனுக்குள் போக வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போவதும் அதில் சேர்த்தி. இந்த முதலும் கடைசியும்தான் பலருக்கும் குழம்புகிற இடம். நானே முதல் தடவை தூக்கக் கலக்கத்தில் கோட்டைவிட்டு, அடுத்த ஞாயிறு மறுபடி தொடங்கினேன்.

அளவு 1,100 மில்லி. வீட்டில் இருந்த நாளிலேயே இவ்வளவுதான் என்றால் பள்ளி நாளில் எவ்வளவு இருந்திருக்கும்!

"எவ்வளவு குடிக்கணும்னு கேக்காதீங்க. எவ்வளவு வெளிய போகுதுன்னு பாருங்க. உங்களுக்கு ரெண்டரை லிட்டர் போகணும்" என்றார் டாக்டரம்மா. வெயில் நாளில் வியர்வையிலேயே நிறையப் போய்விடும், அதனால் குடிக்கும் அளவு மாதத்துக்கு மாதம் மாறும். பங்குனி, சித்திரையில் மூன்றரை லிட்டர் குடித்தாலும் எனக்குப் போதவில்லை, ஐப்பசி மழையில் மூன்றே தாராளம்.

நாளுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1945-இல் அமெரிக்காவில் ஒரு ஊட்டச்சத்துக் குழு, நாளுக்கு 2.5 லிட்டர் நீர் போதுமானது என்று எழுதியதைத்தான் பலரும் மூலமாகச் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்று அதை ஒட்டியே ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த வரியை ஊர் மறந்துவிட்டது. காலையில் நீராகாரம், மதியம் ரசம், மோர் என்று சாப்பிடுகிற வீட்டில் அந்த வரி முக்கியமில்லையா? அதோடு எந்த டம்ளர்? பேத்தியின் பால்புட்டியால் அளந்து பார்த்தேன். எங்கள் காபி டம்ளர் 120 மில்லி, தண்ணீர் டம்ளர் 250, அத்தையின் பித்தளைச் சொம்பு 800.

முதல் வாரம் ஆர்வக்கோளாறு. காலையில் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். கோட்டூர் தாண்டுவதற்குள் பட்ட அவஸ்தை எனக்கும் கண்டக்டருக்கும் மட்டுமே தெரியும். இன்னொரு நாள் விட்டதைப் பிடிக்கிறேன் என்று சாயங்காலம் அடுத்தடுத்துக் குடித்துத் தலைவலி, குமட்டல். டாக்டரம்மா திட்டினார். ஒரு மணி நேரத்தில் சிறுநீரகம் சுமார் ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும், அதற்கு மேல் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆளையே சாய்த்துவிடும் என்றார். இப்போது பீரியடுக்குப் பீரியடு அரை டம்ளர், படுக்கும் முன் ஒரு டம்ளர். தலைமை ஆசிரியரிடம் சண்டை போட்டு ஒரு கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் வாங்கியதுதான் இதில் பெரிய வைத்தியம்.

அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், எல்லாம் வந்தன. பீர் குடிக்கச் சொல்லி என் கணவரிடம் ஒருவர் சிபாரிசு செய்தார், குடிக்க வேண்டியது நான் என்பதை மறந்துவிட்டு. பால், மோரை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. டாக்டரம்மாவோ பாலை விடாதீர்கள், உப்பைக் குறையுங்கள் என்றார். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடுமாம். ஆக, வடுமாங்காயும் கருவாடும் போயின. உப்புப் போடாத எலுமிச்சைச் சாறு வந்தது.

இதே வீட்டில்தான் அத்தையும் இருக்கிறார். அவருக்கு இதயம் பலவீனம், கால் வீங்கும். காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது. அவர் அந்தச் சொம்பை எடுத்தாலே நான் எட்டிப் பார்ப்பேன். "ஒனக்கு மட்டும் குடி குடிங்குறாங்க, எனக்குக் குடிக்காதங்குறாங்க. ஒரே ஆத்துத் தண்ணிதான?" என்று வெயில் நாளெல்லாம் புலம்பினார். வாய் காய்ந்தால் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். பாவமாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் மறுபடி சேகரித்தேன். 2,350. இன்னும் 150 மில்லி பாக்கி. கேனை இந்தத் தடவை சோதனைக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். முதல் கேன் மட்டும் கொல்லையில் கிடக்கிறது. நன்றாகக் கழுவித் தந்தால் நல்லெண்ணெய் ஊற்றி வைக்கலாமே என்று அத்தை இரண்டு முறை கேட்டுவிட்டார். அது என்ன கேன் என்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.