சூரியனுக்கு ஒரு ஹோஸ் கிளாம்ப்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய சூரியத் தொலைநோக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. தங்க நிறக் குழாய், பின்னால் கறுப்புப் பெட்டி. வாய் 40 மி.மீ., குவியத் தூரம் 400 மி.மீ. ராத்திரியில் இதற்கு வேலை கிடையாது. நிலாவைக் காட்டினாலும் இருட்டுதான். ஹைட்ரஜன் ஆல்ஃபா எனப்படும் 656.28 நானோமீட்டர் சிவப்பை, அதுவும் சுமார் ஒரு ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) அகலத்துக்கு மட்டும் உள்ளே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தடுத்துவிடும். அந்தச் சிவப்பில்தான் சூரிய விளிம்பில் எழுந்து நிற்கும் கொழுந்துகள், சூரியத் தட்டின் மேல் ஓடும் கறுப்பு இழைகள், கரும்புள்ளியை ஒட்டிப் பளிச்சென்று தெரியும் திட்டுகள் எல்லாம் கிடைக்கும். சாதாரணத் தொலைநோக்கியின் வாயில் சூரியத் தாள் (வெயிலை அடக்கும் வடிகட்டித் தாள்) கட்டிப் பார்த்தால் புள்ளிகள் வரைதான்.

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் சின்னக் கடை. கையில் காசு குறைவு, திருகும் தகரமும் நிறைய. அதனால் முதலிலேயே ஒரு முடிவு செய்துகொண்டேன். சிக்கனம் கண்ணாடிக்கு வெளியேதான், உள்ளே கிடையாது. வசதி உள்ளவர்கள் இந்தக் குழாயிலிருந்து எட்டலானை, அதாவது அந்தச் சிவப்பைப் பிரித்தெடுக்கும் ஜோடிக் கண்ணாடித் தட்டுகளை, கழற்றி நாலு இஞ்சுத் தொலைநோக்கியில் மாட்டிவிடுகிறார்கள். படம் அருமையாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்வாயில் வெப்பத்தைத் திருப்பும் வடிகட்டி தனியாக வேண்டும், அதன் விலைக்கு இங்கே ஒரு பழைய பைக் வந்துவிடும். அந்த வடிகட்டி இல்லாமல் செய்து பார்க்கலாமே என்று கேட்டு எனக்கு மெசேஜ் போடாதீர்கள். கண் போனால் எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடைக்காது.

முதலில் கை வைத்தது வளையத்தில். குழாயும் பெட்டியும் சேரும் இடத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால், உள்ளே எட்டலான் தட்டுகளின் இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவு மாறும்; கூடவே உள்ளே வரும் சிவப்பும் நகரும். விளிம்புக் கொழுந்து நன்றாகத் தெரிகிற இடம் ஒன்று, தட்டின் மேல் இழைகள் தெரிகிற இடம் அதிலிருந்து துளி தள்ளி. வெயிலில் விரல் வியர்த்து, வளையம் இறுகி, கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் குழாயே அசைந்து சூரியன் ஓடிப்போய்விடும்.

வண்ணார்பேட்டையில் வண்டி ஸ்பேர் கடையில் ஒரு ஹோஸ் கிளாம்ப் வாங்கினேன், ரேடியேட்டர் குழாயை இறுக்கும் அதே தகர வளையம்தான். சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி வளையத்தின் மேல் சுற்றி, அதன் மேல் கிளாம்ப். கிளாம்பின் பட்டைக்கு அடியில் ஒரு நீள போல்ட்டைச் செருகி இறுக்கினால் கைப்பிடி ஆயிற்று. இப்போது சுண்டுவிரல் போதும். போல்ட்டின் நுனி தொடும் இடத்தில் பெட்டி மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பென்சிலால் 'கொ', 'இ' என்று இரண்டு கோடு. கொழுந்துக்கு ஒன்று, இழைக்கு ஒன்று. சூடு ஏறினால் இரண்டு கோடும் கொஞ்சம் பொய் சொல்லும், ஆனாலும் பக்கத்தில் கொண்டுவிட்டுவிடும்.

இந்த மாதிரிச் சின்னக் கருவியில் தட்டு முழுக்க ஒரே தெளிவு வராது. ஒரு பக்கம் இழை கறுப்பாகத் தெரியும்போது மறுபக்கம் மங்கலாகக் கிடக்கும். அதனால் நாம் பார்க்காதது சூரியனில் இல்லாததா, டியூனிங்கில் இல்லாததா என்று குழப்பம் வரும். கோங் என்கிற வலையமைப்பு உலகத்தில் ஆறு இடங்களிலிருந்து சூரியனை இதே சிவப்பில் படம் எடுத்து இணையத்தில் போடுகிறது. அதில் ஒன்று நம்ம உதய்ப்பூர். மாடிக்கு ஏறும்போதே அன்றைய படத்தை போனில் திறந்து வைத்துக்கொள்வேன். எந்த மூலையில் இழை இருக்கிறது என்று தெரிந்தபின் அதைத் தேடி வளையத்தைத் திருப்புவது சுலபம்.

கேமரா அடுத்த தலைவலி. ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) எடுத்துவிட்டு கேமராவை மாட்டினால் ஃபோகஸ் வராது. சென்சார் இன்னும் உள்ளே போக வேண்டியிருக்கும், ஆனால் குழாய் விடாது. வழி இதுதான்: பிம்பத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸின் கண்ணாடி முனையை மட்டும் கழற்றி, கேமராவின் மூக்கில் திருகிவிடுவது. இரண்டு மடங்குக்குப் பதில் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் பெரிதாகும், ஃபோகஸும் வந்துவிடும். செலவு பூஜ்யம். சூரியனின் பிம்பம் அப்போது ஐந்தரை மி.மீ. சுமார், என் கேமராவின் சென்சார் 4.8க்கு 3.6. முழுத் தட்டு ஒரே படத்தில் அடங்காது, நாலு துண்டாக எடுத்துக் கணினியில் ஒட்டுகிறேன்.

துண்டுகளில் எல்லாம் வட்ட வட்டமாகக் கோடுகள் விழுந்தன. ஒரே அலைநீள ஒளி, சென்சாருக்கு மேல் இருக்கும் தட்டைக் கண்ணாடியில் முன்னும் பின்னும் பட்டு மோதுவதால் வருவது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த அதே நியூட்டன் வளையங்கள். கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் கோடுகள் நெருங்கி மறைந்துவிடும். அதற்கென்று சாய்க்கும் அடாப்டர் விற்கிறார்கள். என்னுடையதில் டவுன் பஸ் டிக்கெட் ஒன்று நாலாக மடித்து ஒரு பக்கமாகச் செருகியிருக்கிறது.

வெயில் மறைப்புக்கு ரெண்டு துணி. உள்ளே கறுப்பு, வெளியே பழைய வேட்டி. வெறும் கறுப்பை மூடிக்கொண்டு பத்து மணி வெயிலில் நின்றால் அவிந்துவிடுவோம். இதைப் போர்த்திக்கொண்டு நின்ற முதல் நாள் பக்கத்து வீட்டு ஆச்சி மாடியில் வத்தல் காயப்போட வந்தாள்.

"ஏ ராசா, போர்வைய மூடிக்கிட்டு என்னய்யா செய்யுத?"

"சூரியனப் பாக்கேன் ஆச்சி."

"அவந்தான் தெனமும் நம்மளப் பாக்கானே, பொறவு நீ வேற எதுக்குப் போயி பாக்க?"

பார்த்துவிட்டுப் போங்க என்று கூப்பிட்டேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "ஓரத்துல என்னமோ துரும்பு ஒட்டியிருக்கு, துடைச்சி வையி" என்றாள். அந்தத் துரும்பு பூமியைப் போலப் பல மடங்கு உயரம் என்று சொன்னதை அவள் நம்பவில்லை.

தெருப் பிள்ளைகள் வேறு ரகம். சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி நம்ம செங்கோட்டைக்காரர் என்பது அவர்களுக்குப் பாடம்போலத் தெரியும். "அது பார்க்கிறதும் இதுதானா?" என்று கேட்டான் ஒருவன். இல்லை. அதிலுள்ள 'சூட்' (SUIT) என்கிற தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரை, புறஊதாவில் பார்க்கிறது. இந்தச் சிவப்பில் கொடைக்கானலில் 1912 முதலே படம் எடுத்திருக்கிறார்கள்.

காசு செலவழித்த இடம் ஒன்று உண்டு. வாங்கும்போதே படம் மங்கல். ஐபீஸ் பக்கத்து வடிகட்டி ஒன்று, கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேண்டியது, ஈரக்காற்றில் பூத்துப்போயிருந்தது. இந்த வகையில் வயதானால் வரும் நோய்தான். சூட்டையும் வேண்டாத ஒளியையும் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு என்பதால் வேறு சிவப்புக் கண்ணாடி எதையாவது வைத்துச் சமாளிக்கும் பேச்சே இல்லை. அதற்கென்றே செய்ததை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். மற்ற எல்லாச் செலவையும் கூட்டினால் அதில் பாதிகூட வராது. எந்தப் பக்கம் சூரியனைப் பார்த்திருக்கிறது என்று குறித்து வைத்துவிட்டு, அரத்தால் நுனி தீட்டிய காம்பஸை, வடிகட்டியைப் பிடித்திருக்கும் வளையத்தின் காடிகளில் கொடுத்துக் கழற்றி மாற்றினேன். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட எவர்சில்வர் டப்பாதான் இப்போது தொலைநோக்கியின் வீடு.

நேரம் காலையில் ஒன்பதரைக்குள். அதற்கு மேல் மாடித் தரை ஓடு சுட்டு, சூரிய விளிம்பு கொதிக்க ஆரம்பித்துவிடும். உதய்ப்பூரில் ஃபதே சாகர் ஏரிக்கு நடுவே சூரிய ஆய்வகம் கட்டியது இந்தக் கொதிப்புக்குப் பயந்துதான். தண்ணீர் மேல் காற்று அடங்கியிருக்கும். நமக்கு ஏரி இல்லாவிட்டாலும் பாளையங்கால்வாய் பாயும் வயல் உண்டு. நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் நாட்களில் வரப்போரம் கொண்டுபோய் வைத்தால் மாடியில் கிடைக்காத நுணுக்கம் கிடைக்கிறது. ஆடிக்காற்றில் மட்டும் எங்கேயும் நடக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாடிக்காரர்களுக்குத்தான் நல்லது.

இன்னும் முடியாதது தொலைநோக்கியைப் பிடித்து நிறுத்தும் தாங்கி. சித்திரை பிறப்பதற்கு ரெண்டு நாள் முன்னே பின்னே, பன்னிரண்டு இருபது வாக்கில், சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். ட்ரைபாட் அந்த உச்சியைப் பார்க்கத் திணறும். சூரியனோடு சேர்ந்து தானாகச் சுற்றும் தாங்கி செய்தால் அதன் அச்சு வடதுருவத்தைப் பார்க்க வேண்டும். நம்ம ஊரில் துருவம் அடிவானத்திலிருந்து 8.7 டிகிரிதான். கடையில் விற்கும் தாங்கிகள் பலவும் அவ்வளவு தாழாது. அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடப்பதால் ரெண்டு பேரிங், ஒரு இரும்புத் தண்டு, ஒரு பலகை போதும் என்று தோன்றுகிறது. மணிக்கு 15 டிகிரி சுற்ற, கடையில் ஒரு பழைய பிரிண்டரின் ஸ்டெப்பர் மோட்டார் கிடக்கிறது. பல்சக்கரக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது 144 பல் வார்ம் சக்கரம் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், விலை பேசிக்கொள்ளலாம்.