நம்ம வேலையை நம்ம ஆளு கவனிக்கும்போது

டிஜே வேலையில் கைதட்டலுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அது பாட்டுக்கும் ஆடுகிற பசங்களுக்கும் போகிற கைதட்டல். பாக்ஸை வேனில் ஏற்றி, ஒயர் இழுத்து, ஜெனரேட்டர்காரரிடம் வோல்டேஜுக்காகப் பேசி, ராத்திரி எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்கிற நமக்கு மேலே ஒரு அதிகாரி கிடையாது, கூப்பிட்டு நல்லா செஞ்சேப்பா என்று சொல்ல ஆள் கிடையாது. கல்யாண வீட்டுக்காரர் பாக்கிப் பணம் கொடுக்கும்போது "நல்லா இருந்துச்சுப்பா" என்பார். மனசாரத்தான் சொல்கிறார். ஆனால் அன்றைக்கு முழுக்க அவர் கண் பந்தியிலும் சம்பந்தி வீட்டார் மேலும்தான் இருந்திருக்கும். அதனால்தான் இதே தொழிலில் இருக்கிற ஒருத்தர் சொல்கிற ஒரு வார்த்தை எனக்கு மாசக்கணக்கில் தாங்குகிறது.

அது சுலபத்தில் கிடைக்காது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2019ல் எங்கள் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தாலும் எங்களுக்கு ஏரியா ஒன்றுதான். முகூர்த்த நாளில் ஒருத்தர் குடியாத்தத்தில், ஒருத்தர் ஆற்காட்டில், ஒருத்தர் வாணியம்பாடியில் இருப்போம். ஒருத்தர் ஓட்டுவதை இன்னொருத்தர் காதால் கேட்கவே வழியில்லை.

அப்படியும் ஒரு நாள் அமைந்தது. வாலாஜா பக்கம் ஒரு கிராமத்தில் ரிசப்ஷன், வீட்டு எதிரில் தெருவிலேயே பந்தல். 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஸ்பீக்கர் போடக் கூடாது. ஆனால் பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறவே எட்டரை ஆகிவிடும், போட்டோ முடிந்து பசங்க ஆட இறங்கும்போது ஒன்பது தாண்டியிருக்கும், சூடு ஏறுகிற நேரத்தில் நிறுத்து என்றால் யார் கேட்பார்கள்? "இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்பதில்தான் பல ஊர்களில் கைகலப்பே ஆரம்பிக்கிறது. நான் ஒன்பதே முக்காலுக்கே இறக்க ஆரம்பித்துவிடுவேன். 128 பிபிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 128 தாள அடியில், ஓடுவதை 110க்கு, அப்புறம் நூறுக்குக் கீழே, கூடவே சப் என்கிற, நெஞ்சில் அதிர்கிற அடிச்சத்தம் தருகிற பாக்ஸையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு பழைய மெலடி. பசங்க தோளில் கை போட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே பத்தாகிவிடும். அன்றைக்குப் பெண் வீட்டு உறவாக வந்திருந்தவர் ஆம்பூர் பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிற ஒரு அண்ணன். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னொரு முனையை எடுத்து அவரும் சுற்ற ஆரம்பித்தார். "இன்னா தம்பி, ஒம்போதே முக்காலுக்கே இறக்கிட்டே, ஒருத்தனுக்கும் தெரியலையே" என்றார். யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் அதை அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். அதையும் ஒருத்தர் கேட்டுப் பிடித்தார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் ரிப்பேர் வேலையெல்லாம் அப்போதுதான். கோன் கிழிந்த சப் ஒன்றை வேலூரில் வழக்கமாகக் கொடுக்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்து, உள்ளே இருக்கிற செம்புக் கம்பிச் சுருளான காயிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு லைட் எரிய எரிய ஓட்டினால் காயில் சூடேறிக் கறுத்துப்போகும், வார்னிஷ் கருகின வாசனை வரும். என்னுடையது செம்பு நிறம் மாறாமல் இருந்தது. "கையி அடங்கி ஓட்றேப்பா" என்றார், அவ்வளவுதான், அடுத்த பாக்ஸைப் பிரிக்கப் போய்விட்டார். சத்தம் பத்தலை என்று நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி திட்டு வாங்கியும் அந்த சிவப்பு லைட்டை எரியவிடாமல் வைத்திருந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி அந்தக் காயில்.

பம்பைக்காரர்களையும் நான் நம்ம ஆட்களாகத்தான் நினைக்கிறேன். ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது எங்களையும் கூப்பிடுவார்கள், அவர்களையும் கூப்பிடுவார்கள். பம்பையும் உடுக்கையும் எழுந்துவிட்டால் நான் உடனே முழுசாக இறக்கிவிடுவேன், பாடுகிறவருக்கு ஒரு மைக் மட்டும் விட்டுவைப்பேன். அம்மனைப் பாடுகிற வர்ணிப்பு முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெரியவர், "எங்க தாளத்த மிதிக்காம விட்டே நைனா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

இதெல்லாம் கிடைத்த பிறகு நானும் சொல்ல ஆரம்பித்தேன். 'சூப்பர்' என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, எதைக் கேட்டோமோ அதைச் சொல்ல வேண்டும். குடியாத்தத்தில் புதுசாக இறங்கியிருக்கிற ஒரு பையன், கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற இடைவெளியில் வெறும் கைத்தட்டில் கூட்டத்தைப் பிடித்துவைத்து, கரன்ட் வந்ததும் அதே தாளத்தில் பாட்டை விட்டான். நான் சாப்பிட வந்தவனாகத்தான் அங்கே இருந்தேன். மறுநாள் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "கேட்டுது உங்களுக்குன்றீங்களாணா?" என்றான். அந்த ஒரு இடத்தைப் பற்றியே ரொம்ப நேரம் பேசினோம், எப்போது கவுன்ட் எடுத்தான், சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரை எங்கே வைத்திருந்தான் என்று. அடுத்த வைகாசியில் ஒரே முகூர்த்தத்தில் எனக்கு ரெண்டு புக்கிங் விழுந்தது. ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன், என்னுடைய ரெண்டு சப்பையும் சேர்த்து அனுப்பினேன்.