பந்து கீழ விழுந்தாலும் அவுட்தான்

கோலாலம்பூர்ல வாரக்கடைசி சாஃப்ட்பால், பேஸ்பால் மேட்ச்சுக்கு அம்பயரா நிக்கிறேன். இங்க நிறைய பேரு ஸ்கூல்லயே சாஃப்ட்பால் ஆடிட்டு வர்றாங்க, ஆட்டம் நல்லாவே தெரியும், ஆனா நான் கைய தூக்கி இன்ஃபீல்ட் ஃப்ளைன்னு கத்துனா மட்டும் திடலே குழம்பிடும். அதாவது, பந்த புடிச்சாலும் விட்டாலும் அடிச்சவன் அவுட்.

இத கூப்பிடணும்னா ரெண்டு அவுட் ஆகறதுக்கு முன்னாடி, ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ் ரெண்டுலயும் (பேஸ்னா ரன் எடுக்க ஓடிப் போய் தொட வேண்டிய இடம்) அடிக்கிற டீம் ஆள் இருக்கணும், இல்ல மூணு பேஸுமே நிறைஞ்சிருக்கணும். அப்ப பேட்டர் ஒரு பந்த உசரமா தூக்கி விட்டுட்டான்னு வைங்க. பீல்டர் புடிச்சா ரன்னர், அதாவது பேஸ்ல நிக்கிற ஆள், அங்கயே இருக்கணும், விட்டா அடுத்த பேஸுக்கு ஓடியே ஆகணும், இத வச்சு விவரமான பீல்டர் வேணும்னே கீழ விட்டுட்டு ரெண்டு ரன்னரயும் சுலபமா அவுட் பண்ணிடலாம். அந்த ஏமாத்து வேலைய தடுக்கத்தான் 1895லயே அமெரிக்காவுல இந்த ரூல கொண்டு வந்தாங்க. பந்து மேல இருக்கும்போதே பேட்டர் அவுட்னு அம்பயர் சொல்லிடணும், அதோட ஓடியே ஆகணுங்கற கட்டாயம் போயிடும், இஷ்டப்பட்டா ஓடலாம், ஆனா அது ரன்னரோட ரிஸ்க். நேரா பாயிற லைன் டிரைவ், பேட்ட வீசாம லேசா தட்டி விடற பன்ட் இதுக்கெல்லாம் இது கிடையாது.

கஷ்டம் எங்கன்னா, இன்ஃபீல்டர், அதாவது பேஸுங்க பக்கத்துல நிக்கிற பீல்டர், சாதாரண முயற்சியில புடிக்கக்கூடிய பந்தான்னு அம்பயர் முடிவு பண்ணணும். அந்த லீக்ல ஆடற சராசரி ஆளால முடியுமா, திடல் எப்படி இருக்கு, காத்து எப்படி அடிக்குது, எல்லாத்தையும் பாக்கணும்னு ரூல்லயே இருக்கு. நம்ம ஊர்ல சாயங்கால மழைக்கு முன்னாடி ஒரு காத்து வரும் பாருங்க, செகண்ட், தேர்டு பேஸுக்கு நடுவுல நிக்கிற ஷார்ட்ஸ்டாப் தலைக்கு மேல போன பந்து எங்கயோ போய் இறங்கும். அதனால நான் பந்தயே பாத்துட்டு நிக்க மாட்டேன், பந்து உச்சிக்கு போகும்போது பீல்டரோட கால பாப்பேன். கால ஊனி, பேட்டர் நிக்கிற ஹோம் பக்கம் திரும்பி, க்ளவ்வ தூக்கிட்டான்னா இன்ஃபீல்ட் ஃப்ளைன்னு கூப்பிட்டுடுவேன். முதுக காட்டி ஓடிட்டிருந்தா வாயத் திறக்க மாட்டேன்.

"பந்து புல்லுக்கே போயிடுச்சே"ன்னு, அதாவது இன்ஃபீல்டுக்குப் பின்னாடி இருக்கற அவுட்ஃபீல்டுக்கு போயிடுச்சுன்னு, சண்டைக்கு வருவாங்க. அப்படி ஒரு கோடு ரூல்ல எங்கயும் இல்ல. 2012 அக்டோபர் 5, அமெரிக்காவுல அட்லாண்டாவுல பிரேவ்ஸ், கார்டினல்ஸ்னு ரெண்டு பேஸ்பால் டீமுக்கு மேட்ச், ஷார்ட்ஸ்டாப் கோஸ்மா அவுட்ஃபீல்டுக்குள்ள ரொம்ப தூரம் போய் பந்துக்கு கீழ நின்னவரு கடைசி நேரத்துல விலகிட்டாரு, பந்து விழுந்துடுச்சு, லெஃப்ட் ஃபீல்ட் அம்பயர் சாம் ஹோல்புரூக் இன்ஃபீல்ட் ஃப்ளைன்னு கொடுத்துட்டாரு. ஜனங்க பாட்டில தூக்கி எறிஞ்சு ஆட்டமே 19 நிமிஷம் நின்னுச்சு. தூரத்த வச்சு அத தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா குரல் ரொம்ப லேட். பந்து இறங்குன பிறகு சொன்னா ரன்னருக்கு என்ன பிரயோஜனம்?

ஒரு மேட்ச்ல கோச் ஒருத்தர் கோவமா வந்தாரு, "என்னண்ணே, பந்து கீழ கெடக்கு, அவுட்டுங்கறீங்க?"

"தம்பி, அவன் விட்டது வேற விஷயம். உங்க பசங்க ரெண்டு பேரும் பேஸ்ல பத்திரமா நிக்கிறாங்க பாருங்க, நான் கூப்பிட்டதாலதான்."

அவரு திரும்பி செகண்ட் பேஸ பாத்தாரு, அப்புறம் ஒண்ணும் பேசல.

சின்னப் பசங்க மேட்ச்ல மட்டும் நான் ரொம்ப யோசிப்பேன். பெரிய பசங்களுக்கு கண்ண மூடிட்டு கூப்பிடற அதே பந்த பத்து வயசுப் பையன் புடிக்கறதே பெரிய விஷயம், அங்க கூப்பிடாம விடறதுதான் சரின்னு எனக்கு படுது. கூட நிக்கிற சில அம்பயருங்க இத ஒத்துக்க மாட்டாங்க, எல்லா வயசுக்கும் ஒரே அளவு வேணும்பாங்க. ஆனா ரூல்ல "அந்த லீக்ல"ன்னுதான் இருக்கு. இப்படி கருத்து ஒத்துப் போகாட்டியும், பேஸ்ல ஆள் சேர்ந்ததும் இன்ஃபீல்ட் ஃப்ளை வரலாம்னு தொப்பிய தொட்டு ஒருத்தருக்கொருத்தர் சிக்னல் கொடுத்துக்குவோம், பந்து யாரு பக்கம் வருதோ அவங்க கணக்குப்படி கூப்பிடுவாங்க.